மூன்றாம் வகுப்பில் முந்திச் செல்லும் குழந்தைக்கு எந்த வகுப்பு?

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்வி இது. மெட்ரிக் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகள் ஆறாம் வகுப்புப் பாடநூலைத் தானாகவே எடுத்துப் படிக்கிறாள்; கணக்கை எல்லோருக்கும் முன்பே முடித்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளைகளைப் பேச்சுக்கு இழுக்கிறாள் என்று டைரியில் அடிக்கடி புகார் வருகிறது; டபுள் ப்ரமோஷன் கேட்டதற்குப் பள்ளி மறுத்துவிட்டது. வேளச்சேரியில் மீத்திறன் மிக்க குழந்தைகளுக்கென்று நடக்கும் வார இறுதி என்ரிச்மென்ட் (பள்ளிப் பாடத்துக்கு அப்பால் அறிவை விரிவாக்கும்) வகுப்புக்கு ஆண்டுக்கு 45,000 ரூபாய் கேட்கிறார்கள், வீட்டருகே ஓர் அபாகஸ் மையம் இருக்கிறது, கைப்பேசியைத் திறந்தால் ஒலிம்பியாட் பயிற்சி விளம்பரங்கள் வந்து விழுகின்றன. ஐ.க்யூ. சோதனை எடுத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டுமா, எதில் சேர்ப்பது, சேர்க்கத்தான் வேண்டுமா என்று கேட்கிறார்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐ.க்யூ. சோதனை இப்போதைக்குத் தேவையில்லை. அபாகஸும் ஒலிம்பியாட் பயிற்சியும் உங்கள் மகளுக்கு இருக்கும் குறையைத் தீர்க்கமாட்டா. வேளச்சேரி வகுப்பு நல்லதா இல்லையா என்பது அதன் பெயரிலோ கட்டணத்திலோ தெரியாது. ஒரு மணி நேரம் உள்ளே உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். அப்படி உட்காரும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். தென்சென்னையில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளோடு வார இறுதிகளில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவன் என்பதால் என் எடுத்துக்காட்டுகள் கணக்குப் பக்கம் சற்றே சாயும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தகைய குழந்தைக்குப் பள்ளியில் கிடைக்காமல் போவது பாடமன்று. பாடத்தை அவள் எப்படியும் எடுத்துக்கொண்டுவிடுவாள். கிடைக்காமல் போவது, எடுத்த எடுப்பில் விடை புலப்படாத ஒரு கேள்வியோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டும் பழக்கமும், அப்படி மல்லுக்கட்ட அவளுக்கு இணையான துணையும்தான். முதல் வகுப்பிலிருந்தே எல்லாம் கேட்டவுடன் புரிந்துவிடுவதால், புரிவது என்றால் உடனே புரிய வேண்டும், புரியாவிட்டால் அது தனக்கு வராத விஷயம் என்று அவள் தனக்குள்ளேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறாள். எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ ஒரு வடிவியல் நிரூபணம் முதன்முறையாக அவளைத் தடுத்து நிறுத்தும்போது, மற்ற பிள்ளைகள் இத்தனை ஆண்டுகளாகப் பழகிப்போன தடுமாற்றம் அவளுக்கு மட்டும் புத்தம் புதியதாக இருக்கிறது. "சின்ன வயதில் எப்படி இருந்தாள், இப்போது ஏன் இப்படி ஆகிவிட்டாள்" என்று உறவினர்கள் அங்கலாய்க்கும் பிள்ளைகளில் பலர் இந்த இடத்தில்தான் நின்றுபோனவர்கள்.

எனவே ஒரு வகுப்பைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது, அங்கே உங்கள் மகள் தடுமாறுவாளா என்பதுதான். தடுமாறாமல், வாராவாரம் நூற்றுக்கு நூறு வாங்கி, நட்சத்திர ஸ்டிக்கரோடு வீட்டுக்கு வருகிறாள் என்றால், பள்ளியில் இலவசமாகக் கிடைக்கும் அதே சலிப்பைப் பணம் கொடுத்து இன்னொரு முறை வாங்குகிறீர்கள்.

இதில் பெற்றோர் பெரும்பாலும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அடுத்த ஆண்டுப் பாடத்தை இந்த ஆண்டே நடத்துவதை என்ரிச்மென்ட் என்ற பெயரில் பல மையங்கள் விற்கின்றன. மூன்றாம் வகுப்புக் குழந்தை பின்னங்களின் கூட்டலைப் போட்டுக் காட்டினால் வீட்டில் எல்லோருக்கும் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால், அந்தக் குழந்தை ஐந்தாம் வகுப்புக்குப் போய் அதே பின்னங்களை மறுபடியும் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும்போது, இப்போது வரும் டைரிப் புகார் இரண்டு மடங்காகும். பள்ளியும் சேர்ந்து குழந்தையை மேலே நகர்த்தினால் ஒழிய, பாடத்தை முன்கூட்டி நடத்துவது சலிப்பைத் தள்ளிப்போட்டு வட்டியோடு திருப்பித் தருகிறது. செய்ய வேண்டியது, பள்ளி எட்டிப்பார்க்காத பக்கமாகப் போவது. அதே கூட்டலும் பெருக்கலும்தான், ஆனால் பாடநூல் கேட்காத கேள்விகள்.

அபாகஸைப் பற்றி இரண்டே வரி. மணிச்சட்டத்தை மனத்தில் நிறுத்தி வேகமாகக் கூட்டிக் கழிக்கும் பயிற்சி அது. கவனத்துக்கும் தன்னம்பிக்கைக்கும் உதவலாம், கணக்கைக் கண்டு பயப்படும் பிள்ளைக்கு நான் பரிந்துரைத்ததும் உண்டு. ஆனால், ஏற்கெனவே வேகமாகப் போடும் குழந்தைக்கு மேலும் வேகத்தைக் கற்றுக்கொடுப்பதால் என்ன பயன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒலிம்பியாட் என்ற பெயரிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. சர்வதேசக் கணித ஒலிம்பியாடுக்கு இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் உண்மையான பாதை, மும்பையில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் பொறுப்பில், எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காக நடப்பது. முதல் வகுப்பிலிருந்தே பள்ளி வழியாகக் கட்டணம் வசூலித்து, பதக்கம் அனுப்பிவைக்கும் தனியார் ஒலிம்பியாட் தேர்வுகளுக்கும் அதற்கும் பெயரில் மட்டுமே உறவு. அவற்றை எழுதுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால், நான்கு விடைகளில் ஒன்றைக் கட்டத்துக்குள் நிழலிடும் பயிற்சியை எட்டு வயதில் வாரம் மூன்று மணி நேரம் கொடுப்பது அந்த வயதின் ஆர்வத்தை வீணாக்குவது என்பது என் கருத்து.

இனி ஐ.க்யூ. சோதனைக்கு வருகிறேன். 1905-இல் பிரான்சில் ஆல்ஃபிரெட் பினே முதல் நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கியது, வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளில் யாருக்குத் தனி உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான். முந்திச் செல்பவர்களுக்குப் பட்டம் சூட்ட அன்று. அதன் இந்தியத் தழுவலான பினே–காமத் சோதனை சென்னை உளவியலாளர்களிடம் இன்றும் புழக்கத்தில் உள்ளது. சோதனையின் வரம்பை அறிய லூயிஸ் டெர்மனின் ஆய்வு ஒன்றே போதும். அவர் 1921-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கி, உயர்ந்த மதிப்பெண் பெற்ற ஏறத்தாழ 1,500 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். அவர்களில் பலர் நன்றாகவே வாழ்ந்தார்கள், பேராசிரியர்களானார்கள். ஆனால் யாரும் நோபல் பரிசு வாங்கவில்லை. அதே சோதனையில் மதிப்பெண் போதவில்லை என்று விடப்பட்ட வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும் பிற்காலத்தில் இயற்பியலுக்கான நோபல் பரிசு வாங்கினார்கள். அதுமட்டுமன்றி, தேர்வு என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு டியூஷனும் வந்துவிடும். சிங்கப்பூரில் 1984 முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து மேல்நிலையில் உள்ள 1 விழுக்காட்டினரைத் தனியாகப் பிரித்துக் கற்பித்துவந்தார்கள். அந்தத் தேர்வுக்கென்றே பயிற்சி மையங்கள் முளைத்தன. கடைசியில் 2024-இல் அந்த ஏற்பாட்டை இருந்த வடிவில் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு தொடக்கப்பள்ளியிலும் மேலும் பரவலாகப் பிள்ளைகளுக்கு வாய்ப்பளிக்கப்போவதாக அரசு அறிவித்தது.

சோதனை உதவும் சூழ்நிலை ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. குழந்தை வாயால் சொல்லும்போது அபாரமாகச் சொல்கிறாள், எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறுகின்றன, வாசிக்கத் தயங்குகிறாள் என்றால், அங்கே திறமையும் கற்றல் குறைபாடும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கலாம். அப்போது தகுதிபெற்ற உளவியலாளரின் முழுமையான மதிப்பீடு மிகவும் பயனுள்ளது. சென்னையிலேயே மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இந்தத் துறையில் நெடுங்காலமாக இயங்கிவருகிறது. உங்கள் மகள் ஆறாம் வகுப்பு நூலைத் தானாக எடுத்து வாசிப்பவள் என்பதால், உங்களுக்கு அந்தக் கவலை இருப்பதாகத் தெரியவில்லை. கையெழுத்து மட்டும் கோழி கிளறியதுபோல இருக்கிறது என்றால் பயப்படாதீர்கள். எட்டு வயதில் கை மூளையின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

நல்ல வகுப்பு எப்படி இருக்கும் என்பதை ஒரு பாடத்தை வைத்துச் சொல்வதே எளிது. கோலத்தை எடுத்துக்கொள்வோம். நேர்ப்புள்ளி வைத்து, அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் எல்லா இடத்திலும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் சென்று, ஓரத்தில் மட்டும் திரும்பும் சிக்குக் கோலத்தைப் பிள்ளைகளைப் போடச் சொல்ல வேண்டும். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி என்று வைத்தால் கையை எடுக்காமல் ஒரே கம்பியில், அதாவது ஒரே தொடர்கோட்டில், முடிந்துவிடுகிறது. மூன்றுக்கு மூன்று வைத்தால் முடிவதில்லை; மூன்று தனித்தனிக் கம்பிகள் வேண்டியிருக்கின்றன. இரண்டுக்கு நான்கில் இரண்டு கம்பி. மூன்றுக்கு நான்கில் மறுபடியும் ஒன்று. ஆசிரியர் இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு, பிள்ளைகளே ஓர் அட்டவணை போடும்வரை காத்திருக்க வேண்டும். ஒருத்தி "சதுரமாக இருந்தால் பக்கத்தின் எண்ணிக்கைதான் கம்பியின் எண்ணிக்கை" என்பாள். இன்னொருவன் "இரண்டும் இரட்டைப்படை என்றால் எப்போதும் இரண்டு" என்று சவால் விடுவான், நான்குக்கு எட்டு போட்டுப் பார்த்தால் நான்கு வந்து அவன் முகம் தொங்கிப்போகும். இப்படித் தட்டுத்தடுமாறி, இரு பக்க எண்களையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண்தான் கம்பிகளின் எண்ணிக்கை என்ற இடத்துக்கு அவர்கள் வந்து சேரும்போது, மீப்பெரு பொதுக் காரணி என்று பின்னால் படிக்கப்போகும் கருத்தை அந்தப் பெயரே தெரியாமல் தாங்களாகக் கண்டுபிடித்திருப்பார்கள். ஏன் அப்படி வருகிறது என்ற கேள்வி மிச்சமிருக்கும். அதைப் பல மாதம் தூக்கிச் சுமக்கும் குழந்தையும் உண்டு. சுமக்க விட்டுவிட வேண்டும்.

(கோலம் பெண்பிள்ளைகளின் வேலை என்று முகம் சுளிக்கும் அப்பாக்களுக்கு ஒரு செய்தி: 1970களில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு இருந்தவர்களும் இதே கோலங்களை வைத்துக் கணினியியலில் வடிவங்களுக்கான இலக்கணங்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்கள்.)

இந்தப் பாடத்தில் மூன்று கட்டங்கள் இருப்பதைக் கவனியுங்கள். முதலில் ஒரு புதிய விஷயம் கண்ணில் படுகிறது. பிறகு அட்டவணை போடுவது, ஊகிப்பது, ஊகத்தைத் தானே உடைத்துப் பார்ப்பது என்ற முறைகள் கைக்கு வருகின்றன. கடைசியில் ஒரு குழந்தை தனக்குப் பிடித்த கேள்வியைத் தன்னுடையதாக்கிக்கொண்டு தனியே போகிறது. அமெரிக்கக் கல்வியாளர் ஜோசஃப் ரென்சுல்லி 1977-இல் என்ரிச்மென்ட் கல்விக்கு வகுத்த மாதிரியும் ஏறக்குறைய இந்த மூன்று படிகள்தான். நம் ஊர் மையங்களில் பெரும்பாலானவை முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன. இந்த வாரம் எரிமலை, அடுத்த வாரம் ரோபோ, அதற்கடுத்த வாரம் விண்வெளி என்று வாணவேடிக்கை காட்டி அனுப்புகிறார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், படம் எடுத்து அனுப்பவும் வசதி, ஆனால் எதிலும் ஆழம் போகாது.

கணக்கு மட்டும்தானா என்று கேட்பீர்கள். உங்கள் மகளின் திறமை வாசிப்பில்தான் முதலில் தெரிந்திருக்கிறது என்பதால் அது நியாயமான கேள்வி. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று அவளுக்குத் தெரியுமல்லவா? மூன்று மாத்திரையைக் குறிலாலும் நெடிலாலும் எத்தனை விதமாக நிரப்பலாம் என்று கேளுங்கள்: மூன்று குறில், குறில்–நெடில், நெடில்–குறில் என்று மூன்று விதம். நான்கு மாத்திரைக்கு ஐந்து விதம், ஐந்துக்கு எட்டு, ஆறுக்கு பதின்மூன்று. ஒவ்வொரு எண்ணும் அதற்கு முந்தைய இரண்டின் கூட்டல் என்பதை அவள் கண்டுபிடிக்கும் நாளில், ஃபிபோனச்சி எண்கள் என்று உலகம் அழைக்கும் அந்த வரிசையை, அவருக்கு முன்பே செய்யுளின் மாத்திரைகளை எண்ணிய இந்திய யாப்பறிஞர்கள் அறிந்திருந்தார்கள் என்ற செய்தியைச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு தமிழ்ச் சொல் தேடட்டும். அது வேறு வகை வேட்டை, பாட்டி தாத்தாவும் கலந்துகொள்ளலாம்.

அறிவியல் பக்கம் போக விரும்பினால், வடகிழக்குப் பருவமழை தானாகவே ஓர் ஆய்வுக்கூடத்தை மொட்டை மாடிக்குக் கொண்டுவந்து வைக்கிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வாயிலிருந்து அடிவரை ஒரே அகலம் உள்ள ஒரு பாத்திரத்தை மாடியில் வைத்து, காலை எட்டரை மணிக்கு நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதட்டும். நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்று வானிலை ஆய்வு மையம் தரும் எண்களோடு ஒப்பிட்டால், ஒரே நகரத்துக்குள் மூன்று இடத்தில் மூன்று விதமாக மழை பெய்திருப்பது தெரியும். அகலமான பாத்திரத்திலும் குறுகலான பாத்திரத்திலும் ஏன் ஒரே உயரம் வருகிறது என்பது எட்டு வயதுக்கு மிகச் சிறந்த கேள்வி. 1,000 சதுர அடி மாடியில் 60 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 5,500 லிட்டர் விழுகிறது என்று அவளே கணக்கிட்டுச் சொன்னால், கோடையில் தண்ணீர் லாரிக்குக் காசு கொடுக்கும் பெரியவர்களுக்குக் கொஞ்சம் உறைக்கும். இதற்கு எந்த மையமும் கட்டணம் வாங்குவதில்லை.

இப்போது வேளச்சேரி வகுப்புக்குப் போவோம். சேர்க்கும் முன் ஒரு வகுப்பைப் பின்னாலிருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம். உள்ளே உட்கார்ந்த பிறகு, ஒரு மணி நேரத்தில் எத்தனை கேள்விகள் கையாளப்படுகின்றன என்று பாருங்கள். நாற்பது கேள்வி என்றால் அது ஒர்க்‌ஷீட் தொழிற்சாலை. இரண்டோ மூன்றோ என்றால் நம்பிக்கை வைக்கலாம். தவறான விடை வந்தால் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதுதான் அதைவிட முக்கியம். "தப்பு, அடுத்து யார்?" என்கிறாரா, அல்லது "எப்படி வந்தது, சொல்" என்று கேட்டு அந்தத் தவறையே எல்லோரும் சேர்ந்து ஆராயும்படி பலகையில் எழுதுகிறாரா? ஒரு குழந்தை ஆசிரியருக்கே விடை தெரியாத கேள்வியைக் கேட்டால், "எனக்குத் தெரியவில்லை, பார்ப்போம்" என்று சொல்லக்கூடியவரா? ஒரு குழுவில் பன்னிரண்டு பேருக்கு மேல் இருக்கிறார்களா? நுழைவுத் தேர்வு வைத்து, அதில் தேறியவர்கள் என்று பள்ளிப் பெயரோடு படம் போட்டு விளம்பரப்படுத்துகிறார்கள் என்றால், அங்கே குழந்தை மாணவியாகப் போகவில்லை, விளம்பரமாகப் போகிறாள் என்று புரிந்துகொள்ளுங்கள். இவை அனைத்திலும் தேறினால் 45,000 ரூபாய் உங்கள் வசதியைப் பொறுத்தது. ஆண்டு முழுவதுக்கும் மொத்தமாகக் கட்டாமல், மூன்று மாதத்துக்குக் கட்டிப் பார்க்க முடியுமா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

வயதை வைத்துப் பிரிக்கிறார்களா என்பதையும் கவனிக்க வேண்டும். நம் ஊரில் திறமையை வளர்ப்பதில் வெற்றி கண்ட இடங்கள் எவையும் வயதைப் பார்த்ததில்லை. பாட்டு வகுப்பில் சரளி வரிசை கைவந்த ஆறு வயதுக் குழந்தை ஜண்டை வரிசைக்குப் போகிறது. வராத பதினைந்து வயதுப் பையன் அங்கேயே இருக்கிறான், யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. சென்னைச் சதுரங்கக் கழகங்களில் எட்டு வயதுச் சிறுமிக்கு எதிரே கல்லூரி மாணவர் உட்கார்ந்திருப்பார், தோற்றும் போவார். விஸ்வநாதன் ஆனந்த் சிறுவயதில் ஆடிப் பழகிய தால் சதுரங்கக் கழகமும் பெரியவர்களும் சிறியவர்களும் கலந்து ஆடிய இடம்தான். பிரக்ஞானந்தா பத்து வயதில் சர்வதேச மாஸ்டரானதற்கும், குகேஷ் 2024-இல் பதினெட்டு வயதில் உலக சாம்பியனானதற்கும் அவர்களுடைய உழைப்பும் குடும்பத்தாரின் தியாகமும் காரணம் என்றாலும், எந்த வகுப்பு படிக்கிறாய் என்று கேட்காத ஒரு சூழல் இந்த நகரத்தில் அவர்களுக்குக் கிடைத்தது என்பதும் உண்மை. உங்கள் மகளுக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து யோசிக்கும் வாய்ப்பு வாரத்தில் ஒரு நாளாவது கிடைத்தால் நல்லது. அறையில் தானே எல்லோரிலும் கெட்டிக்காரி அல்ல என்று அறிவது இத்தகைய குழந்தைக்குப் பெரிய நிம்மதி. பெற்றோருக்குத்தான் அது சில சமயம் சங்கடமாக இருக்கிறது.

டபுள் ப்ரமோஷனைப் பொறுத்தவரை, வெளிநாட்டு ஆய்வுகள் அதற்குச் சாதகமாகவே இருக்கின்றன. 2004-இல் அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த விரிவான அறிக்கை, தகுதியுள்ள பிள்ளைகளை வகுப்பு தாண்ட விடுவதால் படிப்பில் நன்மை உண்டு என்றும், நட்பும் மனநிலையும் கெட்டுவிடும் என்ற பரவலான அச்சத்துக்கு ஆதாரமில்லை என்றும் சொன்னது. ஆனால், நம் பள்ளிகள் வயதையும் வகுப்பையும் இறுக்கமாகப் பிணைத்துவைத்திருக்கின்றன. ஒரு பள்ளி ஒத்துக்கொண்டாலும் மாற்றலாகும்போது அடுத்த பள்ளி சிக்கல் எழுப்பலாம். அதற்காகப் போராடுவதைவிட, வகுப்பாசிரியரிடம் சிறிய சலுகை ஒன்றைக் கேட்பதில் பலன் அதிகம். கணக்கை முடித்துவிட்டால் பையிலிருந்து தன் புத்தகத்தையோ புதிர் நோட்டையோ எடுத்துக்கொள்ள அனுமதி, அவ்வளவுதான். நாற்பது பிள்ளைகளைச் சமாளிக்கும் ஆசிரியருக்கும் அது நிம்மதி. "என் மகள் மிகவும் புத்திசாலி, உங்கள் பாடம் அவளுக்குப் போதவில்லை" என்று ஆரம்பித்தால் கதவு மூடிக்கொள்ளும், "வகுப்பில் பேசித் தொந்தரவு செய்கிறாளாமே, என்ன செய்யலாம், மிஸ்?" என்று ஆரம்பித்தால் அவரே வழி சொல்வார். முடித்தவளை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்புவது எப்போதாவது இருந்தால் சரி, தினமும் என்றால் தவறு. அவளும் கற்கத்தான் பள்ளிக்கு வருகிறாள்.

வீட்டில் பாராட்டும் முறையில் ஒரு மாற்றம் செய்ய முடியுமானால் அது எந்த வகுப்பைவிடவும் வேலை செய்யும். 1998-இல் கிளாடியா முல்லரும் கேரல் ட்வெக்கும் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் புதிர்களைச் செய்து முடித்ததும் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றும், சிலரிடம் "நன்றாக முயன்றாய்" என்றும் சொன்னார்கள். பிறகு கடினமான புதிர்களில் எல்லோரையும் சறுக்கவிட்டுப் பார்த்தபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் சீக்கிரம் மனம் தளர்ந்தார்கள், அடுத்து வந்த எளிய புதிர்களிலும் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். கல்யாண வீட்டில் மாமாவும் அத்தையும் சுற்றி உட்கார்ந்து "பதினேழு பெருக்கல் பதின்மூன்று சொல்லும்மா" என்று கேட்கும் சடங்கிலிருந்தும் அவளைக் காப்பாற்றுங்கள்.

பணம் செலவழிக்காமல் இந்த நகரத்தில் கிடைப்பவற்றை முதலில் தீர்த்துவிட்டு மையங்களைப் பற்றி யோசித்தாலும் ஒன்றும் தாமதமாகிவிடாது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் ஒரு சனிக்கிழமை முழுவதையும் அவள் விருப்பத்துக்கு விடுங்கள். எந்த அலமாரிக்குத் திரும்பத் திரும்பப் போகிறாள் என்பது எந்தச் சோதனையும் சொல்லாத தகவலைச் சொல்லும். அருகிலேயே பிர்லா கோளரங்கம் இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட முயலாமல், புதைபடிவங்களோ செப்புத் திருமேனிகளோ ஏதாவது ஒரு கூடத்தை மட்டும் பார்த்துத் திரும்புங்கள். ராயபுரத்தில், முத்தியாலுபேட்டைப் பள்ளியின் கணித ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன் 1993-இல் உருவாக்கிய ராமானுஜன் அருங்காட்சியகம் பலருக்குத் தெரியாது. சிறிய இடம்தான், ஆனால் ராமானுஜன் எழுதிய கடிதங்களின் படிகளைப் பார்க்கும் குழந்தை கணக்கை ஒரு மனிதர் செய்த வேலையாகப் பார்க்கத் தொடங்கும். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் வெளியிடும் துளிர் இதழுக்குச் சந்தா கட்டுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலத்தில் மாணவர் அமைப்பினர் நடத்தும் இரவு நடைக்கு, தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை, ஒரு முறை அழைத்துப் போங்கள்.

போட்டி என்று ஒன்று வேண்டுமென்றால், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1965 முதல் இயங்கிவரும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் தேசியக் கணிதத் திறன் போட்டியைப் பரிந்துரைப்பேன். அதன் தொடக்கநிலைப் பிரிவு கணித மேதை காஸ் பெயரில், ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நடக்கிறது. கேள்விகள் வேகத்தைவிட யோசனையையே கேட்கின்றன. உங்கள் மகளுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. அதுவரை பழைய வினாத்தாள் ஒன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கேள்வி மட்டும் எடுத்து, நீங்களும் ஒரு தாளில், அவளும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். அந்த வாரம் வரவில்லை என்றால் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்துவிடுங்கள். விடைத்தாளை மட்டும் அவள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.